தானியங்கி ஹை பீம்: கார் எதைப் பார்த்து விளக்கைத் தாழ்த்துகிறது?

2024 ஜூலையில் கர்நாடகக் காவல்துறை, எதிரே வருவோரின் கண்ணைக் கூசவைக்கும் முகப்பு விளக்குகளுடன் ஓடும் வண்டிகள் மீது மாநிலம் முழுவதும் வழக்குப் பதியத் தொடங்கியது. பெங்களூருவில் புதிதாகக் கார் வாங்கியிருந்தவர்களிடையே அப்போது எழுந்த குழப்பம் இன்னும் தீரவில்லை. ஹை பீமை, அதாவது தூரம்வரை பாயும் முகப்பு ஒளியைத் தானே போட்டுத் தானே தாழ்த்தும் வசதி முன்பு விலையுயர்ந்த கார்களில் மட்டுமே இருந்தது. இப்போது நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களிலும் வருகிறது. காரோடு வந்த வசதியைப் பயன்படுத்தினால் அபராதம் விழுமா, விழும் என்றால் அதை விற்க ஏன் அனுமதிக்கிறார்கள் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். விளக்கைக் கவனிக்கும் வேலையை இனிக் காரே பார்த்துக்கொள்ளும் என்று இன்னொரு சாரார் முடிவு செய்துவிட்டார்கள். அல்சூரில் கிளம்பும்போது போட்ட அந்த வசதியைச் சேலம் போய்ச் சேரும்வரை அவர்கள் தொடுவதே இல்லை.

இந்த இரு நிலைக்கும் முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு: அந்தக் கருவி எதைப் பார்த்து முடிவெடுக்கிறது? அது மற்றவர்களின் விளக்கைப் பார்த்து முடிவெடுக்கிறது. விளக்கில்லாத மனிதர் எதிரே நடந்து வந்தால், பெரும்பாலான கார்களில் அதன் கணக்கில் சாலை காலியாகத்தான் இருக்கும். நம் சாலைகளில் இரவு நேரத்தில் விளக்கில்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வசதியை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பது விளங்கத் தொடங்கும்.

மூன்று வேறு 'ஆட்டோ'க்கள்

'ஆட்டோ' என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு வசதிகளுக்கு வழங்குவதால் பாதிக் குழப்பம் பேச்சிலேயே வந்துவிடுகிறது.

1. தானாக எரியும் முகப்பு விளக்கு. வெளிச்சம் குறைந்ததும், அல்லது சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும், காரின் விளக்கு தானே எரியும். எரிவது கீழ்நோக்கிப் பாயும் லோ பீம்தான். இதனால் யார் கண்ணும் கூசுவதில்லை. நாள் முழுக்கப் போட்டு வைத்திருக்கலாம்.

2. இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் எரியும் விளக்கு. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிதாக விற்கப்படும் பைக்குகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் இது கட்டாயம். பகலிலும் மற்றவர் கண்ணில் வண்டி பட வேண்டும் என்பதே இதன் நோக்கம். பகலில் எதிரே வருபவரிடம் 'லைட் எரிகிறது' என்று விரல்களை மூடித் திறந்து காட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. புதிய வண்டிகளில் அந்தச் சைகைக்கு வேலையில்லை.

3. தானியங்கி ஹை பீம். இருட்டில் ஹை பீமைப் போட்டு, எதிரே அல்லது முன்னே வண்டி தெரிந்ததும் லோ பீமுக்கு இறக்கி, வண்டி போனதும் மறுபடி உயர்த்தும். ஆட்டோ ஹை பீம், ஹை பீம் அசிஸ்ட், இன்டெலிஜென்ட் ஹெட்லாம்ப் கன்ட்ரோல் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். மஹிந்திரா எக்ஸ்யூவி700, எம்ஜி ஆஸ்டர், ஹோண்டா சிட்டி ஹைபிரிட், டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் மேல்நிலை வகைகளில் இது உண்டு.

இங்கே விளக்கப்படுவது மூன்றாவது மட்டுமே.

டிம்மும் பிரைட்டும்

ஓட்டுநர்கள் 'டிம்' என்று சொல்வது லோ பீம். 'பிரைட்' என்பது ஹை பீம். டிம் என்றால் மங்கல் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஒளியின் அளவைவிட, அது பாயும் திசையில்தான் இருக்கிறது. பழைய எச்4 ஹாலஜன் பல்பில் லோ பீம் 55 வாட், ஹை பீம் 60 வாட். வெளிவரும் ஒளி முறையே ஏறத்தாழ 1,000 லூமனும் 1,650 லூமனும். லோ பீமின் ஒளி ஒரு கோட்டுக்கு மேலே போகாதபடி வெட்டப்பட்டிருக்கும். கார் நிறுத்தும் இடத்தில் சுவரைப் பார்த்து லோ பீம் போட்டால் அந்தக் கோடு தெளிவாகத் தெரியும். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் அந்தக் கோடு இடது பக்கம் சற்று மேலேறும். நடைபாதையும் பலகைகளும் தெரியட்டும், எதிரே வருபவர் கண்ணுக்கு ஒளி போகாமல் இருக்கட்டும் என்பதற்காக. ஹை பீமில் இந்தக் கோடு இல்லை. ஒளி நேராகவும் மேலாகவும் தூரமாகவும் பாய்கிறது.

அதன் வலிமையை ஒரு கணக்கால் உணரலாம். ஐக்கிய நாடுகள் அவையின் வாகன விதிமுறைகள் ஒரு வண்டியின் மொத்த ஹை பீமுக்கு 4,30,000 கேண்டெலா (ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு) என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அந்த உச்சத்தில் எரியும் விளக்கு 100 மீட்டர் தொலைவில் இருப்பவரின் முகத்தில் 43 லக்ஸ் வெளிச்சத்தை வீசும். பௌர்ணமி நிலவு தரையில் தரும் வெளிச்சம் கால் லக்ஸ் அளவுதான். நிலவொளிக்குப் பழகியிருந்த கண்ணில், நூறு மடங்குக்கும் மேலான ஒளி ஒரு நொடிக்குள் பாய்கிறது.

கண் கூசுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் தொந்தரவு: எரிச்சலாக இருக்கும், ஆனால் சாலை தெரியும். மற்றொன்று பார்வையையே மறைப்பது. கண்ணின் வில்லைக்குள் ஒளி சிதறி ஒரு வெண்திரைபோலப் பரவும். அந்தத் திரைக்குப் பின்னால் உள்ள ஆளோ பள்ளமோ தெரியாது. வயது ஏற ஏற வில்லையில் சிதறல் கூடும். கண்புரை இருந்தால் இன்னும் மோசம். ஒளி கடந்துபோன பிறகும் பார்வை மீளச் சில நொடிகள் ஆகும். 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. பார்வை மீள மூன்று நொடி ஆனால், 66 மீட்டர் தூரத்தை அந்த ஓட்டுநர் பாதிக் குருடராகக் கடக்கிறார். அவர் ஓட்டுவது நம்மை நோக்கித்தான் என்பதால், எதிரே இருப்பவரின் பார்வையைக் காப்பது நம் உயிரைக் காப்பதும் ஆகும்.

கேமரா எப்படி முடிவெடுக்கிறது

இந்த எண்ணம் புதிதல்ல. 1952-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கேடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் 'ஆட்ரானிக் ஐ' என்ற கருவியைத் தந்தது. முன்பலகைமேல் (டேஷ்போர்டில்) நின்ற, ஒளியை உணரும் ஒரு குழாய், எதிரே வெளிச்சம் பட்டதும் விளக்கைத் தாழ்த்தியது. வெளிச்சம் காரிலிருந்து வருகிறதா, தெருவிளக்கிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை.

இன்றைய கார்களில் முன்கண்ணாடியின் உட்புறம், பின்நோக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கேமரா இருக்கிறது. அது தரும் படத்தில் ஒளிப்புள்ளிகளை மென்பொருள் தேடுகிறது. வெள்ளையாக இணையாக நகர்ந்து வருபவை எதிரே வரும் வண்டி. சிவப்பாக இருப்பவை முன்னே போகும் வண்டி. மேலே வரிசையாக இருப்பவை தெருவிளக்கு. வேகம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. பல கார்களில் அது 30 முதல் 40 கி.மீ. வரை, சரியான எண்ணை அந்தக் காரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். இருட்டு, வேகம், வேறு விளக்கில்லாமை ஆகிய மூன்றும் கூடினால் ஹை பீம் எரியும். ஒன்று குறைந்தாலும் தாழும். தாழ்வது சட்டென்று நடக்கும். மீண்டும் உயர்வது ஓரிரு நொடி தாமதித்து நடக்கும்.

எவ்வளவு தொலைவிலிருந்து கண்டுகொள்ள வேண்டும்? ஐக்கிய நாடுகள் அவையின் 48-ஆவது வாகன ஒழுங்குமுறை, நேரான சமதளச் சாலையில் இப்படிக் கேட்கிறது: எதிரே வரும் மோட்டார் வண்டியைக் குறைந்தது 400 மீட்டரிலும், முன்னே போகும் வண்டியை 100 மீட்டரிலும், விளக்குடன் எதிரே வரும் சைக்கிளை 75 மீட்டரிலும் கண்டுகொள்ள வேண்டும். இந்த மூன்று எண்களையும் நின்று படிக்க வேண்டும். எதிரே வருபவருக்கு 400 மீட்டர் என்றால் தாராளம். முன்னே போகிறவருக்கு 100 மீட்டர்தான், ஏனெனில் பின்விளக்கின் ஒளி குறைவு. சைக்கிளுக்கோ 75 மீட்டர், அதுவும் விளக்கு எரிந்தால். விளக்கில்லாத சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் இந்தப் பட்டியலில் தொலைவே குறிக்கப்படவில்லை. நேரான சமதளம் என்ற நிபந்தனையையும் மறந்துவிடக்கூடாது.

கேமராவுக்குத் தெரியாதவர்கள்

மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள் 74,897 பேர். விபத்து மிகுதியாக நடந்த நேரம் மாலை 6 முதல் இரவு 9 வரை. விளக்கே இல்லாதவர்களும் ஒற்றை விளக்கோடு போகிறவர்களும் இந்த எண்ணிக்கையில் எவ்வளவு பெரும்பங்கு என்பதைப் பார்த்தால், கேமராவின் குறைபாடு ஏட்டளவில் நிற்பதில்லை என்பது தெரியும். பெங்களூருவைச் சுற்றிய சாலைகளில் அது தடுமாறும் இடங்கள் இவை.

1. அரளிச் செடிக்குப் பின்னால் வரும் லாரி. கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் நடுத்தடுப்பில் அரளியை வளர்ப்பதே எதிர்வண்டியின் ஒளியை மறைப்பதற்காகத்தான். செடி, லாரியின் முகப்பு விளக்கை நம் கேமராவிடமிருந்து மறைத்துவிடுகிறது. லாரி ஓட்டுநரோ செடிக்கு மேலே, உயரமான இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே விளக்கில்லை என்று நம் கார் முடிவு செய்து ஹை பீமை உயர்த்தியே வைத்திருக்கும். அவர் கண்ணில் அது முழுதாக விழும். செடி காய்ந்து இடைவெளி விழுந்த இடங்களில் எதிர்விளக்கு விட்டு விட்டுத் தெரிவதால், நம் விளக்கு ஏறி இறங்கி ஆடத் தொடங்கும். பகலில் அந்தச் சாலையில் போகும்போது செடி எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே இல்லை என்று கவனித்து வைத்தாலே இரவில் பெரும் உதவி.

2. விளக்கில்லாத டிராக்டர். மண்டியா பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில், சுமையேற்றிய டிரெய்லர்கள் கிராமச் சாலைகளில் பின்விளக்கு இல்லாமல், சில சமயம் சிவப்பு ஒட்டுப்பட்டைகூட இல்லாமல் போகும். கேமராவுக்கு முன்னே சிவப்பு ஒளி இல்லை. ஹை பீம் எரியும். இந்த இடத்தில் அது நல்லதுதான், நமக்கு டிரெய்லர் தெரியும். ஆனால் எதிரே ஒரு பைக் வந்து விளக்குத் தாழ்ந்த அந்தக் கணத்தில் டிரெய்லர் இருட்டுக்குள் போய்விடும்.

3. வளைவும் மேடும். கேமரா நேராகப் பார்க்கிறது. கனகபுரா சாலையில் கொள்ளேகால், மாதேஸ்வரன் மலை போகிறவர்கள் அறிவார்கள்: எதிர்வண்டி வளைவிலிருந்து வெளிப்படும்போது தூரம் முப்பது, நாற்பது மீட்டர்தான். வண்டி வெளிப்பட்டு, கேமரா கண்டு, விளக்குத் தாழ்வதற்குள் கூசல் நடந்து முடிந்திருக்கும். மனிதக் கண்ணுக்கு ஒரு வசதி உண்டு. வளைவின் மறுபக்கம் மரங்களிலும் பாறையிலும் வெளிச்சம் ஊர்ந்து வருவதைப் பார்த்தே வண்டி வருகிறது என்று நாம் அறிந்துகொள்வோம். பழகிய ஓட்டுநர் அப்போதே டிம் செய்துவிடுவார். மேட்டின் உச்சிக்கும் இதுவே பொருந்தும்.

4. இருசக்கர வண்டிகள். பின்விளக்கில் சேறு படிந்த ஸ்கூட்டர், மங்கிப்போன பழைய பல்ப் கொண்ட மொபெட் ஆகியவை பின்னிருந்து வரும் கேமராவுக்கு மிகத் தாமதமாகவே தெரியும். காரின் உள்கண்ணாடியில் இரவு ஒளியைத் தணிக்கும் நெம்பு உண்டு. ஸ்கூட்டர் கண்ணாடியில் அப்படி எதுவும் இல்லை. பின்னாலிருந்து வரும் ஹை பீம் ஓட்டுபவரின் நிழலை அவருக்கு முன்னாலேயே நீளமாக விழச்செய்து, அதற்குள் இருக்கும் பள்ளத்தையும் மறைத்துவிடும்.

5. நடப்பவர்களும் விலங்குகளும். கூசலின் தொல்லை வண்டியோட்டிகளுக்கு மட்டும் என்று எண்ணுவது தவறு. சாலையோரம் எதிர்த்திசையில் நடந்து வருபவர் ஹை பீமில் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓரடி தள்ளி வைத்தால், அந்த ஓரடி சாக்கடையிலோ சாலைக்குள்ளோ இருக்கலாம். ஆனேக்கல்லிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டை செல்லும் சாலைகளில் யானைகள் கடக்கும்; அவற்றுக்கும் விளக்கில்லை.

6. மழை, பனி, அழுக்கு. மார்கழி, தை மாதங்களின் விடியலில் ஓசூர் பக்கம் இறங்கும் பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி நம் முகத்திலேயே வெள்ளைச் சுவராக நிற்கும். மூட்டத்துக்குள் எதிர்விளக்கின் புள்ளி கலங்கிவிடுவதால் கேமராவும் அதைத் தாமதமாகத்தான் அறியும். இரண்டு காரணங்களாலும் அங்கே இது அணைந்திருக்க வேண்டும்.

விளக்கு தாழும்போது வேகம் என்ன?

தானியங்கி ஹை பீமின் உண்மையான ஆபத்து பெரும்பாலும் கவனிக்கப்படாத இடத்தில் இருக்கிறது. ஹை பீமில் 150 மீட்டருக்கு மேல் தெரியும். ஓட்டுநர் அதற்கேற்ற வேகத்தில் போவார். விளக்கு தானே தாழும்போது தெரியும் தூரம் 50, 60 மீட்டராகச் சுருங்குகிறது. கையால் டிம் செய்கிறவருக்கு, செய்யும் செயலே நினைவூட்டலாக இருக்கும். கால் தானாகத் தளரும். கார் செய்யும்போது அந்த நினைவூட்டல் இல்லை. வேகம் அப்படியே இருக்க, பார்வை மட்டும் மூன்றில் ஒன்றாகிறது.

ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி, அதன் பின் காய்ந்த நல்ல சாலையில் ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 6 மீட்டர் குறைகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், நிற்பதற்கான தூரம் இப்படி வரும்:

1. 60 கி.மீ. வேகத்தில் 48 மீட்டர்.
2. 80 கி.மீ. வேகத்தில் 74 மீட்டர்.
3. 100 கி.மீ. வேகத்தில் 106 மீட்டர்.

லோ பீமில் 60 கி.மீ. வேகத்தில் ஏதோ சமாளிக்கலாம். 80-இல் சாலையில் ஒருவர் நின்றால், அவரைப் பார்த்த பிறகு பிரேக் அடித்தாலும் அவருக்கு முன்னால் வண்டி நிற்காது. மழையில் இந்த எண்கள் எல்லாம் நீளும். கறுப்பு உடை அணிந்தவர் 50 மீட்டரில்கூடத் தெரியமாட்டார். எனவே, முன்பலகையில் ஹை பீமைக் குறிக்கும் நீலச் சின்னம் அணைந்த கணமே வேகத்தைக் குறைக்கும் பழக்கம் வர வேண்டும். நிறையக் கார்களில் இரண்டு சின்னங்கள் இருக்கும்: 'ஏ' எழுத்துடன் உள்ளது, வசதி விழிப்பில் இருக்கிறது என்று சொல்கிறது, நீலம், ஹை பீம் இப்போது எரிகிறது என்று சொல்கிறது. இரவில் கவனிக்க வேண்டியது நீலத்தைத்தான்.

நம் சாலையில் விளக்குக்கு ஒரு மொழி உண்டு

இதைக் கார் வடிவமைப்பவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே. நம் ஊரில் 'டிம் டிப்' அடித்தால், அதாவது விளக்கை ஏற்றி இறக்கி மின்னவைத்தால், அதற்குப் பொருள் உண்டு. சில நாடுகளில் ஒரு முறை மின்னினால் 'நீங்கள் போங்கள்' என்று அர்த்தம். இங்கே 'நான் வருகிறேன், நில்' என்று அர்த்தம். ஒற்றைச் சாலையில் லாரியை முந்தும்போதும், சந்திப்பில் வழி கேட்கும்போதும் ஓட்டுநர்கள் இந்த மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

தானியங்கி ஹை பீம் இந்த மொழி தெரியாமலே பேசிவிடுகிறது. தெருவிளக்கு ஒன்று எரிந்து ஒன்று எரியாமல் இருக்கும் தெருவிலும், பளபளக்கும் வழிகாட்டிப் பலகைகள் ஒளியைத் திருப்பி அடிக்கும் இடத்திலும் அது ஏறி இறங்கும். எதிரே நிற்பவர் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது தாழ்ந்ததைப் பார்த்து 'வழிவிட்டார்' என்று நினைத்துக் குறுக்கே வரலாம். நகரத்துக்குள் இதை அணைத்துவைக்க இந்தக் காரணம் ஒன்றே போதும்.

எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

பெங்களூரு நகரத்துக்குள், அதாவது கிருஷ்ணராஜபுரமோ சிவாஜிநகரோ பொம்மனஹள்ளியோ எங்கானாலும், இந்த வசதியால் பயன் எதுவும் இல்லை. எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பிறகு அத்திப்பள்ளி வரையிலான ஓசூர் சாலையும் இதில் சேரும். வண்டி நெரிசலும் சாலையைக் குறுக்காகக் கடப்பவர்களும் அங்கே நள்ளிரவிலும் குறைவதில்லை.

இந்த வசதிக்கு மிகப் பொருத்தமான இடம், நடுத்தடுப்பும் வேலியும் கொண்ட, மெதுவான வண்டிகள் நுழையாத விரைவுச்சாலை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடங்களில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் டிராக்டர்களுக்கும் தடை உள்ளது. விளக்கில்லாதவர் எதிர்ப்படும் வாய்ப்பு அங்கே குறைவு. அப்படியும் பக்கத்துச் சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையில் பைக்குகள் வரும். வேலியை ஒட்டி வரும் அந்த ஒற்றை விளக்குகளைக் கார் கண்டுகொள்ளாவிட்டால் கையால் தாழ்த்த வேண்டும்.

இடைப்பட்ட சாலைகளில், கிருஷ்ணகிரி–சேலம் போன்ற நான்குவழிச் சாலைகளில், போட்டுக்கொள்ளலாம். ஆனால் விரல் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள விளக்கு நெம்பின்மேல் இருக்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய இரவுகளில் ஊர் போகும் கார்கள் வரிசையாக நிற்கும்போது முன்னால் எப்போதும் ஒரு வண்டி இருக்கும். அன்று இந்த வசதிக்கு வேலையே இல்லை. தடுப்பில்லாத இருவழிச் சாலையிலும் மலைப்பாதையிலும் கையால் மாற்றுவதே நல்லது.

கையால் மாற்றுவது எப்படி என்பதைக் கிளம்பும் முன், நின்ற வண்டியில் பழகிக்கொள்ள வேண்டும். சில கார்களில் நெம்பைத் தன்பக்கம் இழுத்தால் தானியங்கி நிலை முழுவதும் விலகிவிடும். சிலவற்றில் அந்தக் கணத்துக்கு மட்டும் விலகி, பிறகு தானே திரும்பிவிடும். இது தெரியாமல், 'டிம் செய்தேன், மறுபடி ஏறிவிட்டது' என்று தடுமாறுவது நடுச்சாலையில் நேரக்கூடாது.

கண்ணாடி, பாரம், பல்ப்

கேமரா பார்ப்பது முன்கண்ணாடி வழியாக. அதன் எதிரே சாமி படத்தையோ ஃபாஸ்டாக் ஒட்டியையோ ஒட்டக்கூடாது. தொங்கும் மாலையும் ஆகாது. வைப்பர் தேய்ந்து கோடு விழுந்த கண்ணாடியில் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் நட்சத்திரமாகச் சிதறும். கல் பட்டு முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவுபடுத்த வேண்டும். வெளிக்கடையில் மலிவாக மாற்றும்போது விட்டுப்போவது இதுதான்.

டிக்கியில் அரிசி மூட்டை, பின் இருக்கையில் மூன்று பேர் என்று ஊருக்குப் போகும்போது காரின் பின்புறம் அமுங்கி முன்புறம் தூக்கும். அப்போது லோ பீமே எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறிவிடும். கார் சரியாகத் தாழ்த்தியும் பயனில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் இருந்தால், பாரத்துக்கேற்ப எண்ணைக் கூட்டி ஒளியை இறக்கலாம். பல வருடம் கார் வைத்திருப்பவர்களில்கூட அந்தச் சக்கரத்தை ஒருமுறையும் தொடாதவர்கள் இருக்கிறார்கள்.

ஹாலஜன் பல்புக்கென வடிவமைத்த பிரதிபலிப்பானில் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைப் பொருத்தினால், ஒளி தோன்றும் புள்ளி இடம் மாறி, லோ பீமின் கோடு கலைந்துவிடும். முன்பு போக்குவரத்துக் காவலர்கள் விளக்கின்மேல் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டியது இந்தக் கூசலைக் குறைக்கத்தான். வில்லை வழியாக ஒளியைக் குவிக்கும் இன்றைய புரொஜெக்டர் விளக்கில் அது சரியான பலன் தராது. கோணத்தைச் சரிபார்ப்பதே வழி.

ஹை பீமை முழுதாகத் தாழ்த்தாமல், எதிர்வண்டி இருக்கும் பகுதியை மட்டும் இருட்டாக்கும் மேட்ரிக்ஸ் விளக்குகளும் உண்டு. ஐரோப்பாவில் அவை பல ஆண்டுகளாக ஓடுகின்றன. அமெரிக்கா 2022 பிப்ரவரியில்தான் அனுமதித்தது. இந்தியாவில் அவை பெரும்பாலும் விலையுயர்ந்த கார்களிலேயே உள்ளன.

அபராதம் யாருக்கு?

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, முன்விளக்கின் ஒளி மற்றவர் கண்ணைக் கூசவைக்காதபடி நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் அதைக் கீழ்நோக்கித் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. நிறுவனமே பொருத்திய தானியங்கி ஹை பீம் இந்த விதிக்கு முரணானது அல்ல. ஓட்டுநர் எந்தக் கணத்திலும் நெம்பை இழுத்து அதைத் தாழ்த்த முடியும். ஆகவே, காரில் அது இருப்பதற்காக யாரும் வழக்குப் பதிய முடியாது. அது எரிந்தபடி எதிரே வருபவரைக் கூசவைத்தால் பதியலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவின் கீழ், 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவை 500 ரூபாய் வரையும் அடுத்தடுத்த தடவைகளில் 1,500 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். 'நான் போடவில்லை, கார் தானே போட்டது' என்ற பதில் காவலரிடம் நிற்காது. விதி பேசுவது, ஒளியைக் கீழே திருப்பக்கூடிய ஓட்டுநரைப் பற்றி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.